மூணு மாசமா குளிக்கல

குற்றாலத்துக்கு வந்து போகிற பெண்களில் பாதிப் பேருக்கு ஜெபமலரின் முகம் தெரியும், பெயர் தெரியாது. மெயின் அருவிக்குப் போகிற வழியில் பெண்கள் உடை மாற்றும் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுக்கிறவள் அவள்தான். அரை மணிக்கு ஒரு தடவை ஈரத் தரையைத் துடைப்பாள். ஊக்கு கேட்டால் கழுத்துச் சங்கிலியிலிருந்து கழற்றிக் கொடுப்பாள். பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று கையில் திணித்துவிட்டுப் போனாலும் முகம் சுளிக்க மாட்டாள். அவளுக்கு நேர் எதிரே என் கடை. துண்டு, நைட்டி, அரைக்கால் டவுசர், சோப்பு, ஷாம்பு, நாப்கின் விற்கிறேன். பதினோரு சீசனாக ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழித்துக்கொண்டு பிழைப்பை ஓட்டுகிறோம். வீடும் அடுத்தடுத்த வீடு.

மதுரையிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வேன் பிடித்து வருகிற பெண்களில் தினம் நாலு பேராவது சரியாக அருவி வாசலுக்கு வந்ததும் வீட்டுக்குத் தூரமாகி நிற்பார்கள். இவ்வளவு தூரம் வந்து குளிக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுகிற பெண்களும் உண்டு. அவர்களை மலர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, என் கடையிலிருந்து நாப்கின் வாங்கிக் கொடுத்து, சுக்குக் காப்பியும் வாங்கிக் கொடுப்பாள். தள்ளிப்போடுகிற மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு வசவு விழும். யாரைக் கேட்டு முழுங்கினாய், டாக்டர் சொன்னாரா, உன் மச்சினி சொன்னாளா என்று பிடித்துக்கொள்வாள். ஊரான் வீட்டுப் பெண்களுக்கு இவ்வளவு நியாயம் பேசுகிறவள், தன் மகள் விஷயத்தில் புத்தியை எங்கே கொண்டுபோய் அடகு வைத்தாள் என்று நான் கேட்க முடியாது. நானும் கூடச் சேர்ந்துதான் வைத்தேன்.

மலர் பிறந்தது சிவகிரிப் பக்கம். பத்தொன்பது வயதில் எபனேசருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கொல்லத்துக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. மலருக்கு மாதாமாதம் ஒழுங்காக வராது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, நாலு மாதத்துக்கு ஒரு தடவை என்று அது தன் இஷ்டத்துக்கு வந்து போகும். எங்கள் பக்கத்தில் இந்த விஷயத்தை யாரும் நேராகச் சொல்வதில்லை. குளிச்சாச்சா என்றுதான் கேட்பார்கள். ஒரு பெண் குளிக்காமல் இருக்கிறாள் என்றால் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, வயிற்றில் ஏதோ தங்கியிருக்கிறது என்று அர்த்தம். மலரின் மாமியார் மாதம் தவறாமல் குளிச்சிட்டியா என்று கேட்பாராம். இல்லை என்றால் வீடே இனிக்கும். கேசரி கிண்டுவார். ரெண்டு மாதம் கழித்து மலர் குளித்துவிட்டாள் என்று தெரிந்ததும் அந்தக் கேசரிக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வாள். அப்படி எத்தனையோ கேசரிக்குப் பிறகு பிறந்தவள் ஜெஸி.

ஜெஸி எட்டாம் வகுப்பு படிக்கும்போது வயசுக்கு வந்தாள். மண்டபம் பிடித்து, தெரு முக்கில் ஆளுயர பேனர் கட்டி, எபனேசர் வண்டியில் வாழைத்தார் கொண்டுவந்து இறக்கி, ஊரைக் கூட்டிச் சடங்கு செய்தார்கள். நானும் அட்சதை போட்டேன். வந்ததற்கு இத்தனை பேரைக் கூப்பிட்டோம். அதற்குப் பிறகு அது ஒழுங்காக வராமல் போனபோது ஒரு மனுஷியிடம் வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

முதலில் நாற்பது நாள், பிறகு ஐம்பத்தைந்து நாள், ஒரு தடவை ஒரே மாதத்தில் இரண்டு முறை. ஆனால் எப்போது வந்தாலும் ஜெஸி ஓடி வந்து அம்மா காதில் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் வந்தால் சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே அறை வாசலுக்கு வந்து, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் குனிந்து, "வந்துட்டும்மா" என்பாள். அந்த வீட்டில் மகள் அம்மாவிடம் சொல்லாத சங்கதி கிடையாது. மார்க் குறைந்தாலும் சொல்வாள், டீச்சரைப் பிடிக்காவிட்டாலும் சொல்வாள். எனக்கு இரண்டும் பையன்கள், இருவரும் திருப்பூரில். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால்கூட 'சாப்ட்டேன்' என்று மட்டும் சொல்கிற ஜென்மங்கள். அதனால் மலரைப் பார்த்து எனக்குப் பொறாமைதான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்குவதற்கு முந்தின வாரம் ஜெஸிக்கு வந்தது. அதற்குப் பிறகு ஏப்ரலில் இல்லை. மே மாதம் இல்லை. ஜூனில் தென்காசியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தாள், சாரலும் தொடங்கியது, அப்போதும் இல்லை. மலர் நாள் எண்ண ஆரம்பித்தாள். டோக்கனைத் தப்பாகக் கிழித்தாள், துடைத்த தரையையே திரும்பத் துடைத்தாள். என்னவென்று கேட்டதற்குப் பத்து நாள் மழுப்பிவிட்டு, ஒரு மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு வந்த சீக்கு என் பிள்ளைக்கும் வந்துட்டோன்னு பயமா இருக்குக்கா. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போயி நான் பட்ட பாட்ட அவளும் படணுமா?"

"டாக்டர்ட்ட காட்டேன்."

"தென்காசியில எந்த டாக்டர்ட்ட போனாலும் நம்ம சபைக்காரவுக ஒருத்தர் உக்காந்திருப்பாக. பதினஞ்சு வயசுப் பிள்ளைய லேடி டாக்டர்ட்ட எதுக்குக் கூட்டிட்டு வந்தன்னு கேட்டா நான் என்ன சொல்ல? அவுக காதுக்குப் போச்சுன்னா படிப்ப நிறுத்திருவாக. இப்பமே பொம்பளப் பிள்ளைக்குத் தென்காசி எதுக்குன்னு கேட்டுட்டு இருக்காக."

அவுக என்றால் எபனேசர். நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தால் முதலில் கதவைச் சாத்துகிற ரகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலர் ஆலயத்தில் ஜெபக் குறிப்புப் பெட்டியில், மகள் ஜெஸிக்காக, என்று மட்டும் எழுதிப் போட்டாள். சபைப் போதகரான ஐயர் அதை வாசிக்கும்போது தன்பாட்டுக்கு, சகோதரி ஜெபமலரின் மகள் ஜெஸியின் சரீர சுகத்துக்காக, என்று சேர்த்து வாசித்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் வந்து பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்களாம். தலைவலி என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறாள்.

இதற்கு அடுத்த சனிக்கிழமைதான் நான் என் கைங்கரியத்தைச் செய்தேன்.

சனிக்கிழமைகளில் ஜெஸி என் கடையில் வந்து நிற்பாள். துண்டை மடித்துக் கொடுப்பாள், கணக்காகச் சில்லறை கொடுப்பாள். அன்று அம்மாவின் போனை வாங்கி வந்து, கடைக்குப் பின்னால் நைட்டிகள் தொங்குகிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. நைட்டி எடுக்கப் போனேன், காதில் விழுந்தது.

"இல்ல, மூணு மாசமா குளிக்கவே இல்ல. அம்மாட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. பயமா இருக்கு."

எடுக்கப் போன நைட்டியை மறந்துவிட்டேன். நாள் பூராவும் குளிச்சாச்சா, எங்கன குளிச்சிய, ஐந்தருவியில குளிச்சியளா என்கிற பேச்சையே கேட்டுப் பிழைப்பு நடத்துகிறவள் நான். அன்றைக்கு மட்டும் அந்தச் சொல் எனக்கு அருவிக் குளியலாகப் படவில்லை. மலர் சொன்ன மூன்று மாதம் மண்டைக்குள் இருந்தது. அதோடு இந்த மூன்று மாதம் போய்ச் சரியாக உட்கார்ந்துகொண்டது. யாரிடம் பேசினாள் என்று கேட்டிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றாள், வாயைத் திறந்தால் போதும். நான் அதைச் செய்யாமல், அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனதும் எதிரே போய் மலரின் காதில் போட்டேன்.

மலர் டோக்கன் கட்டை மடியில் வைத்தாள். பிறகு, "யார்ட்ட சொன்னா?" என்றாள்.

"தெரியல. பேர் சொல்லிப் பேசல."

போனை எடுத்துப் பார்த்தாள். கடைசியாகப் பேசியது பெயர் பதியாத ஒரு நம்பர். அதற்கு முந்தின நாளும் அதே நம்பர், இருபது நிமிஷம். அழுத்தினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், "ஹலோ, யாரு?" என்றது. இளவட்டக் குரலும் இல்லை, கட்டைக் குரல். மலர் போனை அணைத்துவிட்டாள். அந்த ஆள் திரும்ப இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு தடவையும் போன் மடியில் கிடந்து துடித்தது, இவள் அதைத் தொடவில்லை. டோக்கனுக்கு நின்ற பெண்கள் என்னம்மா, சீக்கிரம் கிழி என்று சத்தம் போட்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை, மகளுக்குப் பிள்ளை பிறக்காமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள் அவள். இப்போது அதற்கு நேர் எதிரான பயம். இரண்டும் ஒரே வயிற்றைப் பற்றித்தான். இரண்டில் எது என்றாவது தெரிந்தால் போதும் என்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

"ஜெஸிட்டயே கேட்டிரு" என்று நான் சொல்லத்தான் செய்தேன்.

"எப்படிக்கா கேக்க? இல்லன்னு வெச்சுக்க, பெத்த பிள்ளைய இப்படிக் கேட்ட பாவம் எங்கன போயி தீரும்? ஆமான்னு சொல்லிட்டான்னா நான் உசுரோட இருக்கவா?"

மருந்துக்கடையில் ஒரு கார்டு விற்கிறது, அதில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று முடிவானது. குற்றாலத்தில் வாங்க முடியாது, தென்காசியில் முடியாது. திங்கட்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு நான் செங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ஐம்பத்திரண்டு வயதில், தலைக்குச் சாயம் போடாமல், கர்ப்பம் பார்க்கிற கார்டு கேட்டு நின்றேன். மருந்துக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆர்க்கா?" என்று மலையாளம் கலந்து கேட்டார். மருமகளுக்கு என்றேன். எனக்கு இன்னும் மருமகளே வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மலர் வீட்டுப் பின்கட்டில் நானும் இருந்தேன். எபனேசர் கொல்லம் போயிருந்தார். ஜெஸி எழுந்து பல் தேய்க்க வந்தாள். மலர் ஒரு பிளாஸ்டிக் கப்பை நீட்டினாள்.

"ஒண்ணுக்கு இதுல புடிச்சிட்டு வா. சுகர் இருக்கான்னு பாக்கணும். நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் சுகர் இருக்குல்லா."

ஜெஸி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வாங்கிப் போய், கொண்டுவந்து கொடுத்தாள். மலர் துவைகல்லில் கார்டை வைத்து, சொட்டு விடுகிற குழாயால் மூன்று சொட்டு விட்டாள். தவறி நாலாவது சொட்டும் விழுந்தது. அட்டைப் பெட்டியை முன்கூட்டியே அடுப்பில் போட்டு எரித்திருந்தாள், அவ்வளவு முன்னேற்பாடு. நாங்கள் இருவரும் துவைகல் மேல் கவிழ்ந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஜெஸி எங்கள் பின்னால் நிற்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"ஒரு கோடுதாம்மா வந்திருக்கு" என்றாள். "ரெண்டு கோடு வந்தாத்தான் ஆமா. ஒரு கோடுன்னா இல்ல."

மலர் திரும்பவே இல்லை.

"டி.வி.யில தெனமும் காட்டுதான். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்." குரல் உயரவில்லை. பல்பொடி அப்பியிருந்த வாயோடு பேசினாள். "சுகர்னு சொன்னீங்க."

"நீ யார்ட்டயோ போன்ல..." என்று மலர் ஆரம்பித்தாள்.

"யார்ட்ட?"

"மூணு மாசமா குளிக்கலன்னு சொன்னியாமே. அந்த நம்பருக்குப் போட்டா ஆம்பள எடுக்கான்."

ஜெஸிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் சிவந்துபோனது. "அது ஜுஹைனாம்மா. ஊரு அச்சன்புதூர். எங்க கிளாஸ்ல புதுசா சேந்திருக்கா. அவட்ட போன் கெடையாது, அவ வாப்பா போன்ல பேசுவா. குத்தாலத்துல இருக்கியே, தெனமும் அருவில குளிப்பியான்னு கேட்டா. பரீட்சை, அப்புறம் தண்ணி இல்ல, இப்ப கூட்டம்னு நீங்க விடல, அதான் மூணு மாசமா குளிக்கலன்னு சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கெழம அவுங்க வீட்ல எல்லாரும் வாறாங்க, நீயும் வான்னா. கோயிலுக்குப் போகாம குளிக்கப் போறேன்னு உங்கட்ட எப்படிச் சொல்லன்னு பயமா இருக்குன்னேன்." எங்கள் பக்கத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, நீங்கதான் சொன்னீங்களா?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, காலைச் சாப்பாடு சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. மூன்று மாதமாக வரவில்லை என்பது அப்படியேதான் இருந்தது. மலர் அந்த வாரமே மகளைத் தென்காசியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். இனி யார் பார்த்தால் என்ன என்று துணிந்துதான் போனாள். ஆனால் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் துணிச்சல் கைவிட்டது. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஜெஸியை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் நிறைமாதப் பெண்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், யாருக்கு ஸ்கேன் என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். மலர் யோசிக்காமல் "எனக்கு" என்றிருக்கிறாள். அடுத்த நிமிஷம் உள்ளே இருந்து, "ஜெஸி, வயசு பதினஞ்சு, வாங்க" என்று கூப்பிட்டார்கள். ஜெஸி எழுந்து, அந்த அம்மாளைப் பார்த்து, "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாளாம். இதை என்னிடம் சொல்லும்போது மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் மலரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஜெஸியிடம் தனியாகப் பேசினார். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் மலர் சுவரில் இருந்த குழந்தைப் படங்களை எல்லாம் எண்ணி முடித்திருக்கிறாள். பிறகு கூப்பிட்டுச் சொன்னார். வயசுக்கு வந்து முதல் இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே வருவது நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் தொண்ணூறு நாள் தாண்டினால் விட்டுவிடக் கூடாது, அதனால் வந்தது நல்லது. தைராய்டு சரியாக இருக்கிறது, ஸ்கேனிலும் பயப்படும்படி எதுவும் இல்லை. ரத்தம்தான் குறைவு. பரீட்சைக் காலத்தில் காலைச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள், தூக்கத்தைக் கெடுத்திருக்கிறாள், கவலைப்பட்டிருக்கிறாள். இதெல்லாம்கூட நாளைத் தள்ளிவிடும். இரும்புச்சத்து மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், கொஞ்சம் நடை. தேதியை ஜெஸியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து வாருங்கள், நடுவில் ஏதாவது தொந்தரவு என்றால் முன்னாலேயே வாருங்கள்.

மலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்குக் குழந்தை பெறக்குமா டாக்டர்?" என்றிருக்கிறாள்.

"அவளே குழந்தைதானம்மா" என்றாராம் டாக்டர். "எனக்கும் உங்களுக்கும் இப்ப அவ ஒடம்புதான் முக்கியம்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் இல்லை. ஜெஸி முரண்டு பிடிக்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. மாத்திரை போட்டாயா என்றால் போட்டேன் என்பாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். என் பையன்கள் பேசுகிற பாஷை அவளுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினால் அறை வாசலுக்கு வருவதில்லை, நேரே வீட்டுக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை என் கடைக்கும் வருவது நின்றது. வந்தால் என்னைத் திட்டட்டும், நாலு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் புண்ணியமும் கிடைக்கவில்லை.

மலருக்கு வந்துட்டா, வந்துட்டா என்பதே நினைப்பு. தினம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். "இல்ல" என்பாள் ஜெஸி. சில நாள் அதையும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்குவாள். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. அலமாரியில் இருந்த நாப்கின் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை என்று மலர் என்னிடம் வந்து சொல்லுவாள். முன்னாலேயே டாக்டரிடம் போவோமா என்று கேட்டால், அவுங்களே மூணு மாசம்னுதானே சொன்னாங்க என்று ஜெஸி புத்தகத்தைத் திறந்துவிடுவாள். மலர் இளைத்துப்போனாள். சீசன் முடிந்து கூட்டம் வற்றிய பிறகும் அவளுக்குத் தூக்கம் இல்லை. ஐந்து மாதம், ஐந்தரை, ஆறு என்று விரலை மடக்கிக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி போனோம். இந்தத் தடவை நானும் போனேன். என்னால் வந்த வினை என்று நினைத்தேனோ என்னவோ, போகாமல் இருக்க முடியவில்லை. நான் டாக்டர் அறைக் கதவோரம் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது.

"கடைசியா எப்பம்மா வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"வரவே இல்ல டாக்டர்" என்று மலர் முந்திக்கொண்டாள். "ஆறு மாசம் தாண்டியாச்சு. எனக்கு ராப்பகலா ஒறக்கம் இல்ல."

"ஜூலை இருபத்தொம்பது" என்றாள் ஜெஸி. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள். "அப்புறம் செப்டம்பர் ஒம்பது. நாப்பத்திரண்டு நாள். அஞ்சு நாள் இருந்துச்சு."

டாக்டர் நோட்டைப் பார்த்து, நல்ல பிள்ளை, இப்படித்தான் எழுதணும், ரத்தமும் ஏறியிருக்கு என்று சந்தோஷமாகச் சொன்னார். மலர் கையை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தாள். நியாயமாகப் பார்த்தால் அவள் எழுந்து ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதமாக எதற்காக முழங்கால் படியிட்டாளோ அது கிடைத்திருந்தது. ஆனால் எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை மூன்று பேரும் நடந்தோம். குற்றாலம் பஸ் இன்னும் வரவில்லை. மலர் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ட்ட ஏம்ட்டி சொல்லல? அலமாரியில பாக்கெட்டு அப்படியே இருக்கே."

"ஸ்கூல்ல குடுத்தத வெச்சுக்கிட்டேன்."

"தெனமும் கேட்டேனே ஜெஸி. வாய் வலிக்கக் கேட்டேனே."

"கேட்டீங்க." ஜெஸி பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்காகக் கேக்கீங்களா, நான் ஒண்ணும் தப்பு பண்ணலன்னு தெரிஞ்சுக்கக் கேக்கீங்களான்னு எனக்குத் தெரியலம்மா. முன்னால எல்லாம் நான்தான் வந்து சொல்லுவேன். அன்னைக்கும் எங்கிட்டதான் கேட்டிருக்கணும். நீங்க என்ட்ட பொய் சொல்லிட்டு என் ஒண்ணுக்குட்ட போயி கேட்டீங்க."

பக்கத்தில் முறுக்கு விற்கிற பெண் திரும்பிப் பார்த்தாள். மலர் யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அழுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

"தப்புதான்" என்றாள் மலர், அழுகைக்கு நடுவே. "பயந்துட்டேன்ட்டி. பயத்துல உன்ன யாரோ மாதிரி நெனச்சுட்டேன். தப்புதான்."

பஸ் வந்து திரும்பி நின்றபோதுதான் ஜெஸி சொன்னாள்.

"இனிமே கேக்காதீங்க. வந்தா நானே சொல்லுதேன். வரலன்னாலும் சொல்லுதேன். அது வரைக்கும் நீங்க கேக்கக் கூடாது."

"சரி."

"பெரியம்மாவும்தான்."

"சரிம்மா" என்றேன் நான்.

கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மலருக்கு மனசுக்குள் எண்ணிக்கை நிற்கவில்லை. செப்டம்பர் ஒன்பதிலிருந்து இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து என்று ஓடிக்கொண்டேதான் இருந்தது. டாக்டர் நாற்பத்தைந்து வரை கவலை இல்லை என்று சொல்லியிருந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரிப் பக்கம் போனால் கை தானாக அந்தப் பாக்கெட்டுக்குப் போகிறது என்று, அலமாரியைத் திறக்கிற வேலையையே ஜெஸியிடம் விட்டுவிட்டாள். நான் எதையாவது கேட்டுவிடுவேனோ என்று வெற்றிலையை வாய் நிறையப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டாவது நாள் சாயங்காலம் நான் மலர் வீட்டில் இருந்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். ஜெஸி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். மலர் நிமிர்ந்து பார்த்தாள், வாய் திறந்தது, உதடு அந்தச் சொல்லுக்காகக் குவிந்ததை நான் பார்த்தேன். அப்படியே விழுங்கிவிட்டு, "டீ போடட்டாட்டி?" என்றாள்.

"போடுங்க" என்று ஜெஸி உள்ளே போனாள். வழக்கமாகப் போனால் போனதுதான், கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. பையை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரையைக் கையில் எடுத்தாள்.

"இன்னும் வரலம்மா" என்றாள்.

மலர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிட்டி" என்றாள். ஒரு காம்பைக்கூட அவளால் ஒழுங்காக உருவ முடியவில்லை. மாதக்கணக்காக 'வரல' என்கிற அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பயந்தவள், அன்றைக்கு மகள் தானாக வந்து அதைச் சொன்னதும் சந்தோஷத்தில் அழுதாள்.